திராட்சைக்காகக் கோபித்துக்கொண்ட சாமி

காரைக்காலில் படிக்கும்போது பிரெஞ்சு எனக்கு மார்க் வாங்கிக் கொடுத்த பாடம், அவ்வளவுதான். கல்யாணமாகிக் கம்பத்துக்கு வந்தபின் அதை யாரிடம் பேசுவது? போதாததற்கு என் வீட்டுக்காரரை நான் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவேன். "பிரெஞ்சு படிச்சவ, அப்படித்தேன் இருப்பா" என்று இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டு வைத்திருந்தது எங்கள் தெரு.

எதிர்வீட்டு அக்கா ஒருநாள் கூடை நிறையப் பன்னீர் திராட்சையோடு வந்து நின்றார். "டீச்சர், எனக்குப் பிரெஞ்சு சொல்லித் தரணும்" என்றார். நான் டீச்சர் இல்லை என்று சொல்வதற்குள் கூடை என் அடுப்படிக்குள் போய்விட்டது.

அக்காவின் கணவருக்குப் பாரிஸில் சமையல் வேலை. கல்யாணமான மறுவருஷமே போனவர், ஏழெட்டு வருஷமாகத் திரும்பவில்லை. காகிதம் சரியாகாமல் அங்கிருந்து கிளம்பினால் மறுபடி உள்ளே விடமாட்டார்களாம். அவருடைய அம்மா தெருமுனையில் நின்று மகன் பெயரைச் சொல்லிச் சத்தம் போட்டால் திராட்சைத் தோட்டம் வரைக்கும் கேட்குமாம். அந்த அம்மா செத்தபோதும் அவரால் வரமுடியவில்லை. அக்காதான் தனியாளாக நின்று எல்லாம் பார்த்தார். இப்போது ஒருவழியாகக் காகிதம் சரியாகி, மனைவியைக் கூட்டிக்கொள்ளலாம் என்று ஆகியிருந்தது. ஆனால் அக்கா பாண்டிச்சேரியில் பிரெஞ்சுத் தூதரகத்துக்குப் போய் ஒரு அதிகாரி முன்னால் உட்கார்ந்து நாலு கேள்விக்குப் பிரெஞ்சில் பதில் சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் மறுபடியும் முதலிலிருந்து.

பள்ளிக்கூடத்தை ஆறாவதோடு முடித்துக்கொண்டவர் அவர். நான் பொருளைக் காட்டிக் காட்டி ஆரம்பித்தேன். இது திராட்சை. இது கத்தரிக்கோல். நான் திராட்சை வெட்டுகிறேன்; பிரெஞ்சில் அந்த 'வெட்டுகிறேன்' நடுவில் வரும். "நாம கடைசியாச் சொல்றத அவுக நடுவுலயே சொல்லிப்புடுறாக. அவசரக்காரவுக போல" என்று பிரெஞ்சுக்காரர்களைப் பற்றி அக்கா ஒரு முடிவுக்கு வந்தார். மற்றபடி ஒன்றும் ஏறவில்லை. காலையில் சொன்னது பந்தலில் குலை வெட்டிவிட்டு வருவதற்குள் காற்றில் போயிருக்கும். எனக்குப் பொறுமை கிடையாது. கரண்டியால் மேடையைத் தட்டித் தட்டித்தான் சொல்லிக் கொடுத்தேன்.

கணவரைப் பற்றிய வாக்கியங்களில் அக்கா முரண்டு பிடிக்க ஆரம்பித்தார். 'இல்' என்றால் அவன், அவர் இரண்டும்தான் என்றேன். முகம் சுருங்கிப்போனது. மறுநாள் பல பேரைக் குறிக்கும் சொல்லை எடுத்துக் கணவருக்குப் போட்டுக்கொண்டு வந்தார்.

"அக்கா, இப்படிச் சொன்னா உங்களுக்கு நாலஞ்சு புருஷன்னு நெனப்பாங்க."

"நெனச்சா நெனச்சுட்டுப் போறாக. மரியாதை முக்கியம்ல" என்றார்.

அதையாவது விட்டுவிடலாம். பெயரை என்ன செய்வது? ஒத்திகைக்காக என் வீட்டுக்காரரின் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அதிகாரியாக நாற்காலியில் உட்கார்ந்து, "உங்கள் கணவர் பெயர் என்ன?" என்று பிரெஞ்சில் கேட்டேன். அக்கா குனிந்து சிரித்தார். பிறகு கையை நீட்டிச் சுவரில் இருந்த முருகன் காலண்டரைக் காட்டினார்.

அந்தச் சாமி நிற்கும் மலையின் ஊர்ப் பெயர்தான் அவர் கணவர் பெயர். அக்கா அதை வாயால் சொன்னதே இல்லை. அந்த ஊருக்கு பஸ் ஏறினால்கூடக் காசை நீட்டி "மலைக்கு ஒண்ணு" என்பார். கண்டக்டருக்குப் புரிந்துவிடும். பாண்டிச்சேரி அதிகாரிக்குப் புரியுமா?

"அங்க காலண்டர் இருக்காதுக்கா. பேரைச் சொல்லுங்க."

"மாட்டேன் டீச்சர்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "இத்தனை வருஷம் காத்துக் கெடந்து, ஒத்தப் பேருக்காக வீட்டுக்குத் திரும்பி வரப்போறீங்களா?"

அக்காவின் சிரிப்பு போய்விட்டது. "சொன்னா அவுக ஆயுசு கொறையும்னு சொல்லித்தேன் என்னைய வளத்தாக. பக்கத்துல இருந்தாலும் பரவால்ல. அங்கன ஒண்டியாக் கெடக்காக. ஒரு காய்ச்சல் வந்தாக்கூட நான் சொன்னதாலதானோன்னு இங்கன கெடந்து சாவேன்" என்றார்.

எரிச்சலாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் காபி போட எழுந்தேன்.

"டீச்சர், மலைக்கு என்ன?" என்று பின்னாலிருந்து கேட்டார். சொன்னேன். "குச்சிக்கு?" அதையும் சொன்னேன். காபி ஆறுவதற்குள் சட்டை, அப்பா, கோபம், பழம் என்று வரிசையாகப் பிடுங்கிக்கொண்டார். அன்று சாயங்காலமே வாசலில் நின்று ஒப்பித்தார். சாமி மலை மேல் இருக்கிறார். அவர் கையில் குச்சி இருக்கிறது. அவருக்குச் சட்டை இல்லை. அவருக்கு அப்பா மேல் கோபம். என் கணவருக்கும் அந்தப் பெயர்தான். கரண்டியைத் தட்டியும் ஏறாத பிரெஞ்சு, பெயரைச் சொல்லாமல் தப்பிக்க என்றதும் மளமளவென்று ஏறிவிட்டது. எனக்குச் சந்தோஷப்படுவதா தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை.

பாண்டிச்சேரிக்கு நானும் துணைக்குப் போனேன். என்னை வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டார்கள். கதவு சாத்தியிருந்தது. உள்ளே வெள்ளைக்கார அம்மா ஒருவர், பக்கத்தில் நம்மூர் குமாஸ்தா ஒருவர். நான் நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். திடீரென்று உள்ளே ஒரு ஆண் விழுந்து விழுந்து சிரிக்கும் சத்தம் கேட்டது. காரியம் கெட்டது என்று நினைத்தேன்.

அக்கா வியர்த்து வழிய வெளியே வந்தார். "பேரைக் கேட்டாக. நான் மலையில ஆரம்பிச்சேன். அந்தம்மா பேனாவைக் கீழ வச்சுட்டு என்னையவே பாத்தாக. குமாஸ்தா பேரைச் சொல்ல வாயெடுத்தாரு, நான் கையைக் காட்டி நிப்பாட்டிட்டேன். சாமிக்கு எதுக்குக் கோபம்னு அந்தம்மா கேட்டாக. பழம்னேன். என்ன பழம்னு கேட்டுப்புட்டாக டீச்சர்."

"மாம்பழம்னு சொன்னீங்கள்ல?"

"அதுக்கு நீங்க எனக்கு வார்த்தையே சொல்லித் தரலையே. தெரிஞ்ச பழம் ஒண்ணுதான். திராட்சைக்காகக் கோவிச்சுக்கிட்டு மலையேறிட்டாருன்னு சொல்லிட்டேன். சாமி குத்தமாயிருமா?"

குமாஸ்தா எதற்குச் சிரித்தார் என்று அப்போதுதான் புரிந்தது. நானும் அங்கேயே நின்று சிரித்தேன். ஒரு திராட்சைக் குலைக்காகக் குடும்பத்தையே விட்டுப்போன சாமியைப் பற்றி அந்த அதிகாரி என்ன நினைத்தாரோ, கடைசியில் "நன்றாகப் பேசுகிறீர்கள்" என்றாராம். விசா வந்துவிட்டது.

அக்கா போய்ச் சேர்ந்த வாரம் பாரிஸிலிருந்து போன் வந்தது. குளிரைப் பற்றியும் அங்கே விற்கும் திராட்சையின் புளிப்பைப் பற்றியும் சொல்லிவிட்டு, "அவுக பேசணுமாம்" என்று போனைக் கணவரிடம் கொடுத்தார்.

"டீச்சர், ஏர்போர்ட்டுல சரியான கூட்டம். இது ஒரு வாசல்ல நிக்குது, நான் வேற வாசல்ல நிக்கிறேன். ஏங்கன்னு கூப்பிட்டுப் பாத்துருக்கு. கையத் தட்டிப் பாத்துருக்கு. அந்தச் சத்தத்துல எனக்குக் கேக்கல. நான் வெளிய போகத் திரும்புனதும் பயந்துபோயி, பேரச் சொல்லிக் கத்திருச்சு."

நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"எம் பேரச் சொல்லிக் கூப்பிடுற பொம்பளக் கொரலு எங்க ஆத்தா மட்டுந்தான் டீச்சர். எங்க இருக்கேங்கிறதே மறந்துபோச்சு. 'இந்தா வந்துட்டேன் ஆத்தா'ன்னு சொல்லிட்டுத்தேன் திரும்புனேன்."

பின்னாலிருந்து அக்காவின் குரல் கேட்டது. "அது அவசரத்துக்குச் சொன்னது. இனிமே சொல்லமாட்டேன்னு டீச்சர்ட்ட சொல்லிருங்க."