போவேன் என்று செய்த சத்தியம்

இது நடந்து இரண்டு வருஷம் ஆகப் போகிறது. ஆனி மாத மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கந்தப்பளைக்கு மேலே இருக்கிற எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் நடந்தது. நான் அந்தத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவள். பெரிதாகப் படித்தவள் இல்லை. மனதில் இருப்பதை அப்படியே எழுதுகிறேன்.

எங்கள் தோட்டத்துக்குத் திரும்புகிற வளைவில் வெள்ளைக்காரத் துரைமார் காலத்துப் பங்களா ஒன்று பாழாய்க் கிடந்தது. கொழும்பிலிருந்து யாரோ வாங்கி ஹோட்டல் ஆக்கப் போகிறார்கள் என்றதும் எல்லோருக்கும் சந்தோஷம்தான். பிள்ளைகளுக்கு வேலை கிடைக்கும் என்று பேசிக்கொண்டோம். பிறகுதான் முழு விஷயமும் வெளியே வந்தது. உள்ளே வெளிநாட்டுக்காரர்களுக்குச் சூதாட்ட மண்டபம். ரோட்டுப் பக்கம் நம்ம ஆட்களுக்குக் குதிரைப் பந்தயம் கட்டுகிற புக்கிக் கடை. அரசாங்கமே லைசன்ஸ் கொடுக்கப் போகிறதாம். நாட்டுக்கு டொலர் வருமாம்.

“டொலர் கொழும்புக்குப் போகும், நம்ம ஆம்பளைங்க கோவணத்தோட வீட்டுக்கு வருவாங்க” என்று மலையில் ஒரு அக்கா சொல்லி, நாங்கள் எல்லோரும் கூடையைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். ஆனால் எனக்கு உள்ளுக்குள்ளே நெருப்பு.

ஏனென்றால் என் வீட்டுக்காரர் அந்தப் புதைகுழியில் விழுந்து எழுந்தவர். நுவரெலியா டவுனில் புக்கிக்குப் போய்ப் போய் வீட்டையே சுரண்டினார். கடைசியில் ஒருநாள் நான் வேலை விட்டு வந்தபோது தொழுவத்தில் பசு இல்லை. கன்றுக்குட்டி மட்டும் நின்று கத்துகிறது. தாயைப் பிரிந்த கன்று கத்துவதைக் கேட்டவர்களுக்குத் தெரியும். நான் அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தக் கன்றுதான் பேசியது. அவரே போத்தலில் பால் வாங்கி வந்து ஊட்டினார். அது குடிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டது. அதோடு நிறுத்தினார்.

நிறுத்தினார் என்று சும்மா சொல்லிவிட முடியாது. அன்றிலிருந்து நுவரெலியா பஸ்ஸில் அவர் ஏறியதே இல்லை. பிள்ளைக்குக் காய்ச்சல், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகணும் என்றாலும் நான்தான் போவேன். அவர் கந்தப்பளையில் மரக்கறி லொறிகளுக்கு மூட்டை ஏற்றுகிற வேலையைத் தேடிக்கொண்டார். நடந்தே போவார், நடந்தே வருவார். போவது அந்த வளைவு வழியாகத்தான். இனி அந்த வழியிலேயே கடை வரப் போகிறது.

இதெல்லாம் நாங்கள் குடியிருக்கிற லயத்து வரிசை வீடுகளில் யாருக்கும் தெரியாது. பசு நோயில் செத்தது என்றுதான் சொல்லி வைத்திருந்தோம். யாருக்கும் தெரிந்துவிடக் கூடாது என்று வெள்ளிக்கிழமைதோறும் அம்மனிடம் வேண்டிக்கொள்வேன்.

முன்பள்ளி டீச்சர் ஒருவர் இருக்கிறார், வேதக்காரப் பிள்ளை. அவர்தான் முதலில் எழுந்து நின்றவர். அக்கம்பக்கத்து வழிபாட்டுத் தலங்கள் எல்லாம் சேர்ந்து ஆட்சேபம் எழுதிக் கொடுத்தால் பிரதேச செயலகத்தில் சும்மா தள்ளிவிட மாட்டார்கள் என்று விசாரித்து வந்தார். தேவாலயத்தில் ஃபாதர் கையெழுத்துப் போட்டார். பன்சலையில், அதுதான் புத்த கோயிலில், ஹாமதுரு என்கிற பிக்கு கையெழுத்துப் போட்டதோடு, டீச்சருக்குப் பிளேன்டீயும் கொடுத்து அனுப்பினாராம். பாக்கி எங்கள் கோயில் மட்டும்தான்.

அங்கேதான் சிக்கல். அதற்கு முந்தின கிழமை ஹோட்டல் ஆள் ஒருவர் பழத்தட்டோடு கோயிலுக்கு வந்திருந்தார். கூரையை மாற்றி, கோபுரம் கட்டி, கும்பாபிஷேகம் வரைக்கும் முழுச் செலவும் தங்களுடையது என்று சொல்லிவிட்டுப் போனார். நீங்கள் கையெழுத்துப் போடாதீர்கள் என்று அவர் வாயால் சொல்லவில்லை. சொல்லவும் வேண்டுமா?

எங்கள் கோயில் தகரம் ஓட்டையாகிப் பல காலம். மழை பெய்தால் அம்மன் தலையிலேயே சொட்டும். பூசாரி ஒரு கையில் குடையைப் பிடித்துக்கொண்டுதான் மறுகையால் தீபம் காட்டுவார். அதைப் பார்த்து நான் அழுதிருக்கிறேன். அதனால் அந்தப் பணத்துக்கு ஆசைப்பட்டவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

அந்த ஞாயிற்றுக்கிழமை கூட்டம் கூடியது. பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம். என் வீட்டுக்காரர் உள்ளே வரவில்லை. வாசலில் செருப்பு கழற்றுகிற இடத்தில் குந்திக்கொண்டிருந்தார். பேச்சு வளர்ந்து சண்டையாகிவிட்டது.

“சூதாட்டக் காசுல அம்மனுக்குக் கூரை போடுறதா?” என்று பெண்கள் பக்கம் கேட்டார்கள்.

“அப்ப நீங்க போடுங்களேன் கூரையை! சம்பளத்துல புடிக்கிற சந்தாவுக்கே மூக்கால அழுவுறீங்க” என்றார் கோயில் பொருளாளர். அவர் எனக்கு அண்ணன் முறை. வாய் கொஞ்சம் நீளம்.

கடைசியில் கோயில் தலைவர் கையை உயர்த்தினார். “நமக்குள்ள எதுக்குச் சண்டை? பூக்கட்டிப் பார்ப்போம். வெள்ளை வந்தா வாங்குவோம், சிவப்பு வந்தா வேணாம். அம்மா சொல்லட்டும்.”

எல்லோரும் அடங்கிவிட்டார்கள். எங்கள் பக்கம் கல்யாணம் பேசினாலும், கிணறு வெட்டினாலும் இப்படிப் பூக்கட்டிப் பார்ப்பதுதான் வழக்கம். சிவப்புப் பூ ஒரு பொட்டலம், வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சாமி முன்னால் போட்டு ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வது. அம்மன் வாக்கு என்ற பிறகு யார் மறுத்துப் பேசுவது? நானும் கைகூப்பி நின்றேன். வெள்ளை வந்துவிட்டால் என் வீடு முடிந்தது. ஆனால் வாய் திறக்கத் தைரியம் இல்லை. ஏன் என்று கேட்பார்களே!

பூசாரி பொட்டலம் கட்டிவிட்டார். ஒரு சின்னப் பெண்ணைக் கூப்பிட்டார்கள். அப்போது வாசலிலிருந்து சத்தம்.

“பூப் போடாதீங்க தலைவரே.”

“யாரது? அம்மன் வாக்குக் கேக்கையில குறுக்க பேசுறது?” என்றார் தலைவர்.

என் வீட்டுக்காரர் எழுந்து உள்ளே வந்தார். தலையிலிருந்து மழைத் தண்ணீர் வடிகிறது.

“நானும் இப்படித்தான் பூக்கட்டிப் பார்த்தேன். குதிரைக்கு” என்றார்.

“அம்மா என்ன மாப்புள, குதிரை ஓட்டவா போச்சு?” என்று பொருளாளர் கேட்க, ஆண்கள் பக்கம் பெரிய சிரிப்பு.

“சிரிங்கண்ணே. காலையில வீட்டுல சாமிப் படத்துக்கு முன்னாடி ரெண்டு பொட்டலம் போடுவேன். வெள்ளை வந்தா நுவரெலியா பஸ் ஏறுவேன். சிவப்பு வந்தா மறுபடியும் கட்டுவேன். வெள்ளை வர்ற வரைக்கும் கட்டுவேன்.”

சிரித்தவர்களைப் பார்த்தே மேலே பேசினார்.

“எனக்குப் போகணும். அதுதான் விஷயம். அதை அம்மா தலையில போட்டுட்டுப் போனேன். நீங்களும் காசு வேணும்னா வேணும்னு சொல்லுங்க, வேணாம்னா வேணாம்னு சொல்லுங்க. அம்மா தலையில போடாதீங்க.”

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த நாட்களில் காலையில் எழுந்ததும், “புள்ள, ஒரு சிவப்பு ரோசாவும் ஒரு வெள்ளைச் செவ்வந்தியும் பறிச்சுக் குடு” என்று கேட்பார். நான் என்ன நினைத்தேன்? மனுஷனுக்குப் பக்தி வந்துவிட்டது என்று பூரித்துப்போனேன். பனியில் போய் நல்ல பூவாகத் தேடித் தேடிப் பறித்துக் கொடுத்தேன். பக்கத்து வீட்டுப் பெண்களிடம் பெருமையாகவும் சொன்னேன். அவர்களெல்லாம் இப்போது என்னைத் திரும்பிப் பார்க்கிறார்கள்.

பொருளாளர் விடவில்லை. “நீ சூதாடினதுக்கு அம்மா மழையில நனையணுமா? நீ போகாம இருந்துக்க. உனக்காக ஊருக்கு வர்ற நல்லதை நிப்பாட்டணுமா?”

என் வீட்டுக்காரர் அம்மன் பக்கம் திரும்பினார். கற்பூரத் தட்டின் மேல் கையை நீட்டினார்.

“நுவரெலியாவுக்கு பஸ் ஏறணும். அந்தத் தூரந்தான் இத்தனை நாளா என்னைக் காப்பாத்துது. கடை அந்த வளைவுக்கு வந்துச்சுன்னா என்னால முடியாதுண்ணே. நான் போவேன். அம்மா சத்தியமாப் போவேன்.”

கோயிலில் சத்தியம் செய்கிறவர்கள் இனிமேல் செய்யமாட்டேன் என்றுதான் செய்வார்கள். குடிக்கமாட்டேன், அடிக்கமாட்டேன், போகமாட்டேன். போவேன் என்று ஒரு மனுஷன் கையடித்துச் சத்தியம் செய்ததை அன்றுதான் கேட்டேன். ஊர் முன்னால் தன் மானத்தைக் கழற்றி வைத்துவிட்டு நின்றார்.

பிறகு பெண்கள் பக்கமிருந்து ஒருத்தி மெதுவாகச் சொன்னாள்: “அண்ணன் சொல்லிட்டாரு. எங்க வீட்டுலயும் ஒண்ணு இருக்கு, வாயைத் தொறக்காம உக்காந்திருக்கு.” அவள் புருஷன் குனிந்த தலை நிமிரவில்லை. இன்னொருத்தி, “என் மகனும்தான்” என்றாள். நான் மட்டும்தான் இந்தத் தீயை மடியில் கட்டிக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்திருந்தேனே!

பூசாரி யாரையும் கேட்கவில்லை. பொட்டலம் இரண்டையும் பிரித்து, இரண்டு பூவையும் அம்மன் காலடியில் வைத்தார். குடையைக் கையில் எடுத்துக்கொண்டு, “இத்தனை காலம் புடிச்சேன், இன்னும் கொஞ்ச காலம் புடிக்கிறேன்” என்றார். அந்தக் கூரையால் பெரிய நிம்மதி கிடைக்க வேண்டியது அவருக்குத்தான். அவரே அப்படிச் சொன்ன பிறகு தலைவர் பேனாவை வாங்கி ஆட்சேபத்தில் கையெழுத்துப் போட்டார்.

வீட்டுக்குப் போகிற வழியில் எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. “என் கையாலயே பூப் பறிக்க வச்சீங்களே!”

“நீ பறிச்சா ராசின்னு நெனச்சேன் புள்ள.”

“ஒரு நாளாவது ராசியா இருந்துச்சா?”

“ஒரு தடவை இருந்துச்சு. அதுதான் என்னைக் கெடுத்துச்சு.”

நடு ரோட்டில், மழையில், சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தேன்.

ஃபாதர், ஹாமதுரு, பூசாரி மூன்று பேரும் ஒரே வான் வண்டியில் பிரதேச செயலகத்துக்குப் போனார்கள். எங்கள் பக்கத்துக் கடைக்காரச் சிங்களப் பெண்கள், அந்த நோனாமார், பின்னால் பஸ்ஸில் போனார்கள். பல தடவை அலைந்த பிறகு, விசாரணை முடிகிறவரை லைசன்ஸ் இல்லை என்று பதில் வந்தது. இன்றுவரை கடை திறக்கவில்லை. நாளைக்கு வேறு ஆள், வேறு பேரோடு வரலாம். வந்தால் மறுபடியும் போவோம். கோயில் கூரை விஷயம் கேள்விப்பட்டு, பன்சலையிலிருந்து ஆட்கள் சிரமதானம் என்று கூலி வாங்காமல் வந்து, இருக்கிற தகரத்தையே பெயர்த்துத் தார் பூசிச் சரிசெய்து கொடுத்தார்கள். கோபுரம் இல்லை. சொட்டும் இல்லை.

ஆனால் நான் நன்றி சொல்ல நினைப்பது வேறொன்றுக்கு. சனிக்கிழமைகளில்தான் அவருக்குக் கை கால் நிலைகொள்ளாது, பெரிய பந்தயங்கள் நடக்கிற நாள். அந்தக் கூட்டத்துக்குப் பிறகு சனிக்கிழமை வந்தால் யாராவது ஒருத்தர் எங்கள் வாசலில் வந்து நின்றுவிடுவார். “மாப்புள, விறகு பொளக்கணும் வா”, “மாப்புள, பந்து பாக்கலாம் வா.” அடிக்கடி வருகிறவர் யார் தெரியுமா? அந்தப் பொருளாளர் அண்ணன்தான். வந்து, “எங்கடா குதிரைக்காரன்?” என்று கத்துவார். என் வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே போவார். ஒரு நாளும் யாரும் அவரைக் குத்திக் காட்டியதில்லை. கூப்பிட்டுக்கொண்டு போவார்கள், பொழுது சாய்ந்ததும் கொண்டுவந்து விடுவார்கள்.

யாருக்கும் தெரியக் கூடாது என்று அத்தனை வெள்ளிக்கிழமை நான் வேண்டினேனே, அந்த ஒரு வேண்டுதலை மட்டும் நிறைவேற்றாமல் விட்டாளே என் தாய், அதற்காகத்தான் இன்றைக்கும் நான் கோயிலுக்குப் போகிறேன்.