எல்லோருக்கும் ஒரே ரேட்டு

பயம் எனக்குப் பிறவிக் குணம் இல்லை. எங்கள் குவாட்டர்ஸ் லைனில் எனக்கு வாயாடி என்றுதான் பெயர். குழாயடியில் வரிசை தாண்டிக் குடத்தை வைத்தவள் வங்காளியோ தெலுங்கோ மலையாளியோ, எல்லோருக்கும் பொதுவான இந்தியில் வண்டி வண்டியாகத் திட்டுவேன். அப்படிப்பட்டவளைப் பேயறைந்தவள் மாதிரி ஆக்கி உட்கார வைத்தது ஒரு பாடம். கல்விப் பொருளாதாரம் என்று அதற்குப் பெயர்.

எழுபதுகளின் தொடக்கம் அது. போர்ட் பிளேரிலிருந்து கப்பலேறிச் சென்னைக்குப் போய் எம்.ஏ. சேர்ந்திருந்தேன். இரண்டாம் வருடம் ஒரு விருப்பப் பாடம் எடுத்து, அதிலேயே ஆய்வேடும் எழுத வேண்டும். வங்கி, விவசாயம் என்று கெட்டிக்காரர்கள் பிய்த்துக்கொண்டு போன பிறகு எனக்கு மிஞ்சியது இது. முதல் வகுப்பில் பேராசிரியர் கேட்டார், ஒரு பிள்ளை ஒரு வருடம் பள்ளிக்கூடம் போனால் என்ன செலவு என்று. சம்பளம், புத்தகம், சட்டை என்று அடுக்கினோம். "அவ்வளவுதானா? அந்த வருஷம் அவன் வேலைக்குப் போயிருந்தா சம்பாதிச்சிருப்பானே, அதை யார் கணக்குல எழுதறது?" என்றார்.

பிற்பாடு, படித்தவன் படிக்காதவனைவிட எவ்வளவு கூடுதலாகச் சம்பாதிக்கிறான் என்று பார்க்க வேண்டும். அதை இந்தச் செலவோடு ஒட்டி வைத்துப் பார்த்தால் படிப்பு லாபமா நஷ்டமா என்று தெரிந்துவிடும். பாடம் மொத்தமும் இதுதான், மற்றதெல்லாம் சூத்திரம். எல்லோரும் குனிந்து எழுதிக்கொண்டார்கள். நான் மட்டும் பேனாவை மூடி வைத்துவிட்டேன்.

காரணம் இருக்கிறது. நான் படித்தது உதவித்தொகையில். தீவுப் பிள்ளைகள் மெயின்லேண்டுக்குப் போய் மேல்படிப்புப் படிக்க வருடத்துக்குச் சில இடங்கள்தான். அதில் பெண்ணுக்கு ஒன்று. அதைக் கொடுக்கும் அதிகாரி என்னை அனுப்பும்போதே ஒரு நிபந்தனை போட்டிருந்தார். ஆய்வு தீவைப் பற்றித்தான் இருக்க வேண்டும், பிரதி ஒன்று அவர் மேஜைக்கு வர வேண்டும். "படிப்புக்குப் போடுற பணம் திரும்பி வருதுன்னு எழுதிக் கொண்டாம்மா. அதைக் காட்டி டெல்லியில இன்னும் நாலு சீட் வாங்கறேன்" என்று இந்தியில் சொல்லிச் சிரித்தார். திரும்பி வரவில்லை என்று கணக்கு வந்தால்? கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஏனென்றால் அடுத்த வருடம் அந்த ஒற்றை இடத்துக்கு மனுப் போடப் போகிறவள் என் தங்கை.

அவளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எனக்கு வாய், அவளுக்கு மூளை. சாப்பிடும்போதுகூடத் தட்டின் ஓரத்தில் விரலால் கணக்குப் போடுவாள். கணிதத்தில் எம்.எஸ்ஸி. படிக்க வேண்டும், அது ஒன்றுதான் அவளுக்கு ஆசை. நான் எழுதப் போகும் ஆய்வேடு நேராக அவள் தலையில்தான் போய் விழும் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அம்மா அதற்கென்று மாதாவுக்கு நேர்ந்துகொண்டாள்.

விடுமுறைக்குக் கப்பலில் வந்து இறங்கினேன். மறுநாளே தாள்களை எடுத்துக்கொண்டு வீடு வீடாக நடக்க ஆரம்பித்தேன். சாத்தம் பாலத்துப் பக்கம், படகேறிப் பாம்பூ பிளாட், பஸ் ஏறி வண்டூர். கேள்வி சின்னதுதான். யார் எதுவரை படித்தார்கள், இப்போது என்ன சம்பாதிக்கிறார்கள்?

வண்டூரில் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்த எங்கள் ஆள் ஒருத்தி இருந்தாள். மூத்த மகன் எட்டு வரை படித்தவன், இளையவன் பள்ளிக்கூட வாசலையே மிதிக்காதவன். என் ஆய்வுக்கு இதைவிட நல்ல வீடு கிடைக்குமா! ஆசையோடு உட்கார்ந்தேன்.

"மூத்தவருக்கு எவ்வளவுக்கா வரும்படி?"

"மஜ்தூர் ரேட்டுதான், கூலிக்காரன் சம்பளம்."

"இளையவருக்கு?"

"அவனுக்கும் அதான். எல்லாத்துக்கும் ஒரே ரேட்டுதான தாயி, சர்க்கார் வச்சது."

"மீன் விக்கிறதுல?"

"மீனா? எங்க இருக்கு மீனு? கொழம்புக்கே கெடைக்க மாட்டேங்கு."

அவள் முதுகுக்குப் பின்னால் கயிறு கயிறாகக் கருவாடு காய்ந்துகொண்டிருந்தது. நாற்றம் மூக்கைத் துளைத்தது. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"அக்கா, நான் சர்க்கார் இல்ல. படிக்கிற பிள்ள."

"கையில பேப்பர் இருக்குல்லா? பேப்பர் வச்சிருக்கவுக எல்லாரும் சர்க்கார்தான்" என்றாள். கோபமில்லாமல், எனக்குப் புரியவைக்கிற மாதிரி சொன்னாள். பிறகு நாலு கருவாட்டை இலையில் சுற்றிக் கையில் கொடுத்து அனுப்பினாள்.

அவளைக் குறை சொல்ல முடியாது. எங்கள் தீவில் நிலம் கொடுக்க வந்தவனும் தாளோடுதான் வந்தான், குடிசையைப் பிரிக்க வந்தவனும் தாளோடுதான் வந்தான். தப்பாகப் பதில் சொன்னவனைக் கப்பலேற்றி மெயின்லேண்டுக்கே அனுப்பிவிடுவார்கள் என்று எல்லோரும் நம்பினார்கள். அதனால் யார் வந்து என்ன கேட்டாலும் மஜ்தூர் ரேட்டு என்று ஜெபம் மாதிரி ஒப்பிப்பார்கள். தமிழன், வங்காளி, மலையாளி, யாரிடம் கேட்டாலும் அதே ஜெபம். நானும் இந்தத் தீவில் வளர்ந்தவள்தானே, புரிந்திருக்க வேண்டாமா? புரியவில்லை. சொன்னதை எழுதினேன். படிப்பு அப்படிப் பழக்கியிருந்தது.

வீட்டில் உட்கார்ந்து கூட்டிப் பார்த்தேன். படித்தவனுக்கும் படிக்காதவனுக்கும் வித்தியாசமே இல்லை. சூத்திரத்தில் போட்டால் விடை சைபர். இன்னும் ஒழுங்காகப் போட்டால் சைபருக்கும் கீழே. பள்ளிக்கூடத்தில் கழித்த வருடங்கள் சுத்த நஷ்டம் என்றது கணக்கு. திரும்பத் திரும்பக் கூட்டினேன். தங்கை எட்டிப் பார்த்து, "கூட்டலு சரியாத்தான் இருக்குக்கா" என்றாள். என்ன கணக்கு என்று அவளுக்குத் தெரியாது. மாதாவே, அந்த நிமிடம் நான் பயந்த மாதிரி நடுக்கடலில் கப்பல் ஆடும்போதுகூடப் பயந்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து அம்மாவும் தங்கையும் கோயிலிலேயே பாட்டுப் பழக நின்றுவிட்டார்கள். நானும் அப்பாவும் மட்டும் வீட்டுக்கு வந்தோம். அப்பாவுக்கு அரசாங்க மரக்கிடங்கில் வேலை. வேறு வீடு மிச்சமில்லாததால் அவரிடமே தாளை நீட்டினேன்.

"எதுவரை படிச்சீங்க?"

"அஞ்சு. ஊர்ல சாமியார் ஸ்கூல்ல."

"வருமானம்?"

"எனக்கென்ன, எல்லாருக்கும் உள்ள ரேட்டுதான்."

எனக்கு வந்ததே கோபம்! "எங்கிட்டயுமாப்பா? என்னைய மெட்ராஸ்ல வச்சுப் படிக்க வைக்கீங்க. ஹாஸ்டல் சாப்பாட்டுக்கு ஸ்காலர்ஷிப் பாதிகூடக் காணாது. மீதி அந்த ரேட்டுலயா வருது?"

அப்பா எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார். பகல் நேரத்தில் எங்கள் வீட்டுக் கதவைச் சாத்தி நான் பார்த்ததில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் அவர் பாம்பூ பிளாட்டுக்குப் படகேறிப் போவது சீட்டாடத்தான் என்று அதுவரை நினைத்திருந்தேன். அங்கே மர கான்ட்ராக்டர்களுக்குத் வெட்டிய மரத் தடிகளை அளந்து கொடுக்கிறாராம்.

"கன அடி போடத் தெரியணும்லா. எங்கூட வேலை பாக்குத ஒருத்தனுக்கும் தெரியாது. அஞ்சு படிச்சது அதுக்குத்தான் ஆச்சு. சம்பளத்துக்கு மேல அதுலதான் வருது. நீ திங்கித சோறு அதுதாம்ளா."

நான் துள்ளி எழுந்துவிட்டேன். அட, இதுதானே நான் தேடியது! படிப்பின் லாபம் இங்கே ஒளிந்துகொண்டிருக்கிறது! வண்டூர்க்காரியின் மூத்த மகன் சும்மாவா இருப்பான்? எட்டுப் படித்தவன் மீன் எடை போட்டுக் கணக்குப் பார்த்து வியாபாரிகளிடம் வாங்கிக்கொண்டிருப்பான். எங்கள் தீவில் சம்பளத்தில் எல்லோரும் ஒன்று. எழுதப் படிக்கத் தெரிந்தவனுக்கு வருவதெல்லாம் சர்க்கார் கண்ணில் படாத இடத்தில்தான் வருகிறது. திரும்பவும் வீடு வீடாகப் போய், கெஞ்சியாவது கேட்டு எழுதிவிட்டால் தங்கைக்கு இடம் நிச்சயம். அதிகாரி என்னைத் தலையில் தூக்கி வைத்துக் கூத்தாடுவார்.

"அப்பா, இத எழுதட்டுமா?"

அவர் முகத்தைப் பார்த்ததும் என் துள்ளல் நின்றது. அப்பாவை அதற்கு முன் பயந்த மனிதராக நான் பார்த்ததே இல்லை. உதடு வறண்டு, நாக்கால் தடவிக்கொண்டார்.

"சர்க்கார் ஆளு தனியார்ட்ட கை நீட்டிக் காசு வாங்கக் கூடாதுளா. எழுதுனேன்னா வேலை போயிரும். வேலை போச்சுன்னா குவாட்டர்ஸ் போயிரும். அப்புறம் ஜஹாஸ்தான், கப்பலேத்தி அனுப்பிருவான். ஊர்ல நமக்கு என்ன இருக்கு? ஒரு ஓலைக் குடிசைகூடக் கெடையாது."

"பேரு எழுத மாட்டேன்ப்பா."

"பேரு எதுக்கு? சர்க்கார் ஆளு, தடி அளக்கத் தெரிஞ்சவன், மக மெட்ராஸ்ல படிக்கா. இந்த போர்ட் பிளேர்ல அப்படி எத்தன பேரு இருக்கான்?"

வாயாடிக்கு வாய் அடைத்துப்போன நாள் அதுதான். கதவைத் திறக்கப் போனவர் திரும்பி நின்று சொன்னார். "சின்னவகிட்டச் சொல்லாத. நாந்தான் குறுக்க நிக்கேன்னு தெரிஞ்சா அவ தாங்க மாட்டா."

முன்னால் போனால் முட்டும், பின்னால் போனால் உதைக்கும். கப்பலில் சென்னை திரும்பும்போது ஒரு வாய் சோறு இறங்கவில்லை. கடல் நோவு என்று பக்கத்துக் கட்டில் அம்மாள் எலுமிச்சம்பழம் கொடுத்தாள். கடலாவது நோவாவது! உண்மையை எழுதினால் அப்பாவோடு சேர்ந்து அந்தக் கருவாட்டுக்காரியும் கப்பலேறுவாள். ரேட்டை எழுதினால் தங்கை வீட்டில் உட்காருவாள். ஹாஸ்டலில் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு அழுவேன். அழுகை போதாமல் அறைத்தோழியிடம் சண்டையும் போடுவேன். பாவம், அவள் என்ன செய்தாள்?

கடைசியில் ரேட்டைத்தான் எழுதினேன். தங்கைக்கு ஒரு வருடம் போகும், அப்பாவுக்கு எல்லாமே போய்விடும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். தீவுகளில் கல்விக்கும் வருமானத்துக்கும் தொடர்பு தென்படவில்லை என்று முடித்தேன்.

வாய்மொழித் தேர்வில் பேராசிரியரும் வெளியிலிருந்து வந்த ஒருவரும் உட்கார்ந்திருந்தார்கள். வெளியாள் தாள்களைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். "எல்லாருக்கும் ஒரே கூலியா? ஒருத்தருக்குக்கூட வேற வருமானம் இல்லையா? நம்புற மாதிரி இருக்கா உங்களுக்கு?"

தெரிந்துவிட்டது, பிடிபட்டுவிட்டேன், அப்பாவின் வேலை போயிற்று என்றே நினைத்தேன். சென்னையில் உட்கார்ந்திருக்கும் மனிதருக்கும் எங்கள் மரக்கிடங்குக்கும் என்ன சம்பந்தம் என்று அந்த நேரத்தில் புத்திக்கு எட்டவில்லை.

"அவங்க சொன்னது அதுதான் சார்" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எதிர்பார்த்த முடிவுக்கு மாறாக வந்ததை மறைக்காமல் எழுதியிருக்கிறாய், ஆராய்ச்சிக்கு அந்த நேர்மைதான் வேண்டும் என்று பேராசிரியர் பாராட்டினார். முதல் வகுப்பும் கொடுத்தார்கள். வெளியே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தேன்.

பிரதி எனக்கு முன்பே தபாலில் போய்ச் சேர்ந்திருந்தது. நான் தேர்வு முடிவு, சான்றிதழ் என்று காத்திருந்துவிட்டு அடுத்த கப்பலில் வீடு வந்தேன். அதற்குள் தங்கையை நேர்முகத்துக்குக் கூப்பிட்டு, இல்லை என்று திருப்பி அனுப்பியும் விட்டார்கள்.

அன்று எல்லோரும் ஒன்றாகச் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். நான் வந்திருக்கிறேன் என்று அம்மா பெரிய மீனாக வாங்கி வறுத்திருந்தாள். தங்கை எனக்கு எதிரில் உட்கார்ந்தாள். தட்டின் ஓரத்தில் அவள் விரல் ஓடவில்லை.

"உங்கக்காவே எழுதிட்டாங்களே, படிச்சு ஒரு பிரயோஜனமும் இல்லன்னு. அதப் பாத்தபிறகு நான் எப்படிம்மா சீட் கேக்கறதுன்னாரு அந்த ஆபீசர்" என்றாள். "இந்த வருஷம் பொம்பளப் பிள்ளைக்கு சீட்டே கெடையாதாம். இனிமேலும் இருக்காதாம்."

"இனிமேலுமா?" என்றேன். அதை நான் நினைத்தே பார்த்திருக்கவில்லை. எத்தனை வீட்டுப் பிள்ளைகள்! வாய்க்குக் கொண்டுபோன மீனைத் தட்டிலேயே வைத்தேன்.

அவள் அழவில்லை. அழுதிருந்தால்கூடச் சமாளித்திருப்பேன். சின்ன வயதில் என் மிட்டாயில் பாதி கேட்கும்போது பார்ப்பாளே, அப்படிப் பார்த்தாள்.

"ஒரு பொய் எழுதியிருந்தா என்னக்கா? எனக்காக, ஒரே ஒரு பொய்?"

அப்பாவின் கை சோற்றில் அப்படியே நின்றது. தலை நிமிரவில்லை. அவர் என்னைப் பார்த்துவிடுவாரோ என்று எனக்குப் பயம். நான் அவரைப் பார்த்துவிடுவேனோ என்று அவருக்கு.

"ஆராய்ச்சியில பொய் எழுதக் கூடாதுட்டி" என்றேன்.