பதினேழாம் பக்கத்திலிருந்து

விசைப்பலகையைத் தொடுவதற்கு முன் தேதியக்கா விரலைப் பஞ்சில் ஒற்றிக்கொள்வார். மேசையின் வலது மூலையில் ஒரு ரப்பர் கிண்ணம், அதில் ஈரப் பஞ்சு. பக்கம் புரட்டவும் சீட்டு எண்ணவும் முப்பது வருடமாக அந்தக் கிண்ணத்துக்குப் போய் வந்த விரல், இனிமேல் கணினிதான் என்று மேலிடம் சொன்னதும் கேட்டுவிடுமா? ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு தடவை போய் வருகிறது. சில பொத்தான்களில் அச்சு பாதி அழிந்தாயிற்று. புதன்கிழமைகளில் பயிற்சி கொடுக்க வருபவர் பார்த்துப் பார்த்து நொந்துபோனார்.

“மேடம், இதுக்குள்ள தண்ணி இறங்குச்சுன்னா அவ்வளவுதான்.”

“இறங்காது சார். நான் தொட்டு எந்தப் புக்காவது நனைஞ்சிருக்கா?”

நூலகத்துக்கு வருகிறவர்கள் வைத்த பெயர்தான் தேதியக்கா. புத்தகம் கொடுக்கும்போது திருப்ப வேண்டிய தேதியை முத்திரையாகக் குத்துவதோடு வாயாலும் ஒருமுறை சொல்வார். வீட்டிலும் அவருக்குப் பதினான்கு நாள் கணக்குதான். எண்ணெய் இத்தனை நாள் வர வேண்டும், செருப்புத் தைக்கக் கொடுத்தால் இத்தனை நாளில் வர வேண்டும். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் கணவரோடு சண்டை வந்தால், “இதை அடுத்த புதனோட முடிச்சுக்கணும், அதுக்கு மேல நீட்டிக்க முடியாது” என்று கெடு வைத்துவிட்டுத்தான் முகத்தைத் திருப்பிக்கொள்வார். கெடுவுக்குள் பேசியும் விடுவார்.

இன்னொரு பழக்கமும் உண்டு. பிற்பகல் நான்கு பத்துக்குத் தலை குனிந்தார் என்றால் நான்கு இருபது வரை நிமிர மாட்டார். கேட்டதற்குப் பதில் வரும், நீட்டிய புத்தகத்தில் முத்திரை விழும், முகம் மட்டும் மேசையை விட்டு எழும்பாது. பழகியவர்கள் அந்தப் பத்து நிமிடம் ஒதுங்கிப்போவார்கள். அக்காவுக்குக் கழுத்து வலி என்று அவர்களாகவே ஒரு காரணத்தையும் கண்டுபிடித்து வைத்திருந்தார்கள்.

புத்தகச் சீட்டு, உறுப்பினர் சீட்டு எல்லாவற்றையும் பழைய காகிதத்துக்குப் போட்டுவிட்டுக் கணினிக்கு மாறிய மூன்று மாதமும் அக்காவுக்கு ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால். முத்திரைக் கட்டையை இனித் தொடவே கூடாது என்றார்கள். அதைத் துடைத்து மேசை இழுப்பறையில் வைத்துக்கொண்டார். திரை கேட்கும் கேள்விகளை உரக்கப் படித்து, பதிலையும் உரக்கச் சொல்லிவிட்டுத்தான் பொத்தானை அழுத்துவார். “சேமிக்கவா? சேமி, அதுக்குத்தானே இவ்வளவு நேரம் உக்காந்திருக்கேன்.” வாசகர்கள் சிரித்தால் அவரும் சேர்ந்து சிரிப்பார்.

புதிதாகக் கற்றதில் ஒன்று மட்டும் அவருக்கு மிகவும் பிடித்துப்போனது. வாசகர்கள் என்னென்ன தேடினார்கள், எது கிடைக்கவில்லை என்று கணினி ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. ‘தேடியும் கிடைக்காதவை’ என்று மேலே தலைப்பு. கீழே தேடிய சொல், நாள், நேரம். தேடியவர் யார் என்று இருக்காது. ‘தூக்கம் வர புத்தகம்’, ‘மாமியார் வழக்கு’, ‘போன வருசம் எடுத்த நீலக் கலர் புக்கு’ என்று வரிசையாக வரும். அடுத்த வீட்டுப் பேச்சைச் சுவர் வழியாகக் கேட்கிற சுகம் அதில் இருந்தது. பதினான்கு நாளுக்கு ஒருமுறை, மூடுவதற்கு முன் அதைப் படித்துவிட்டுத்தான் எழுவார்.

அப்படிப் படித்துக்கொண்டிருந்த ஒரு நாளில்தான் கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது. பட்டியலில் ஒரு வரி: ‘பதினேழாம் பக்கத்திலிருந்து’. நேரம் நான்கு பத்து. முந்தைய நாளிலும் அதே வரி, அதே நேரம். பின்னோக்கிப் போய்ப் பார்த்தார். ஒன்பது வேலை நாளாக வந்திருந்தது. அக்காவின் விரல் கிண்ணத்துக்குப் போய் அங்கேயே நின்றுவிட்டது.

அப்படி ஒரு தலைப்பில் உலகத்தில் புத்தகமே கிடையாது. வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம், அட்டையும் முன்பக்கங்களும் போன ஒரு நாவல் பழைய அலமாரியில் அவருக்குக் கிடைத்தது. எழுதியவர் பெயர் இல்லை, தலைப்பு இல்லை, கதையே பதினேழாம் பக்கத்தில்தான் தொடங்கியது. தலைப்பு இல்லாமல் சீட்டு போடக் கூடாது என்பது விதி. இருபத்திரண்டு வயதுப் பெண் யோசித்துப் பார்த்துவிட்டு, உள்ளதை உள்ளபடி, ‘பதினேழாம் பக்கத்திலிருந்து’ என்று எழுதி அலமாரியில் வைத்துவிட்டார். இந்தக் காரியத்தை நூலகத்தில் இருப்பவர்களைத் தவிர வேறு யாரும் செய்ய மாட்டார்கள். தலையே இல்லாத புத்தகத்தை யார் எடுப்பார்கள்? ஒரே ஒரு ஆள்தான் எடுத்தாள், அதையே திரும்பத் திரும்ப எடுத்தாள். அக்காவை விடப் பதினோரு வயது இளைய தங்கை.

“மொத பதினாறு பக்கத்தை நானே யோசிச்சுக்குவேன்க்கா. ஒவ்வொரு தடவையும் வேற வேற மாதிரி.”

அப்பாவுக்கு ஒரு நியாயம் இருந்தது. மூத்தவள் சம்பளம் வாங்கினால் நூலகம் நல்ல இடம், இளையவள் போய்க் கதைப் புத்தகம் எடுத்தால் அதுவே கெட்ட இடம். தட்டச்சு வகுப்பு விட்டு வரும் வழியில், நான்கு பத்துக்குத் தங்கை திருட்டுத்தனமாக வருவாள். அப்பா வாரம் ஒரு தடவை வந்து, “அவ இங்க வந்தாளா, பாத்தியா?” என்று மூத்தவளிடம் கேட்பார். அக்காவுக்குப் பொய் சொன்னால் காது சிவந்துவிடும். அப்பாவுக்கு அது தெரியும். அதற்குத் தங்கையே வழி கண்டுபிடித்தாள். “நீ நிமிராம சீல் போடுக்கா. பாத்தாத்தானே பாத்தேன்னு சொல்லணும்?” அன்றிலிருந்து நான்கு பத்துக்கு அக்கா தலையைக் குனிந்துகொள்வார். ஒரு கை புத்தகத்தை நீட்டும். இவர் முத்திரை குத்தித் தள்ளிவிடுவார். கேள்வி வந்தால், “பாக்கலப்பா.” காது சிவக்காது.

இருபத்தொரு வருடத்துக்கு முன் ஒரு நாள் அந்தக் கை வழக்கம்போல் வந்தது. பெருவிரலில் தட்டச்சு நாடாவின் மை. முத்திரை விழுந்த பிறகும் கை நகரவில்லை, புத்தகத்தின் மேல் கொஞ்ச நேரம் கூடுதலாக இருந்தது. அக்கா நிமிரவில்லை. இரவு ஏழு மணிக்கு அப்பா பதறி ஓடிவந்து கேட்டபோதும், பழகிய வாய், “பாக்கலப்பா” என்றே சொன்னது. அப்பாவும் அதை நம்பி, தேட வேண்டிய திசையை விட்டுவிட்டு வேறெங்கோ தேடினார். மூன்றாம் நாள் ஆற்றங்கரையில் ஒரு கைப்பையும் ஒரு ஜோடிச் செருப்பும் கிடைத்தன. ஆள் கிடைக்கவில்லை. பையில் புத்தகமும் இல்லை. அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். எல்லோரும் அழுது ஓய்ந்தார்கள். நான்கு பத்துக்குக் குனிந்த தலை மட்டும் இன்றைக்கும் குனிந்துகொண்டிருக்கிறது.

“யாரோ விளையாடுறாங்க” என்றார் கணவர், கடையில் ஒரு கண்ணாடியைத் துடைத்தபடி.

“அந்தப் பேரு யாருக்குங்க தெரியும்? சீட்டே இப்ப இல்ல.”

“ஏம்மா, இருபத்தோரு வருசம் ஆச்சு. ஆத்துல போனவ…”

“சாகப் போறவ லைப்ரரி புக்கையா எடுத்துட்டுப் போவா? பைய விட்டா, செருப்ப விட்டா. புக்கை மட்டும் விடல.”

அவர் துடைப்பதை நிறுத்தினார். “நாலு பத்துக்கு ஒருநாள் நிமிர்ந்துதான் பாரேன்” என்றார்.

புதன்கிழமை பயிற்சிக்காரரிடம், ஒரு தேடல் எந்தக் கணினியிலிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க முடியுமா என்று கேட்டார் அக்கா. அவர் நாலைந்து தட்டுத் தட்டினார்.

“வெளியிலிருந்து இல்ல மேடம். உங்க ஹால்லயேதான். மூணாம் நம்பர்.”

மூன்றாம் எண் கணினி வாசிப்பறைக் கடைசியில், அலமாரி மறைவில் இருக்கிறது. அதன் நாற்காலிச் சக்கரம் நகரும்போது கிரீச்சென்று கத்தும். எண்ணெய் விட வேண்டும் என்று இரண்டு மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். இத்தனை நாளும் அந்தச் சத்தம் காதில் விழுந்திருக்கிறது, இவர்தான் நிமிரவில்லை.

மறுநாள் நான்கு பத்துக்குத் தலையைக் குனியவில்லை. எழுந்து, அலமாரியைச் சுற்றிக்கொண்டு போனார். கிரீச் என்றது. போய்ப் பார்த்தபோது நாற்காலி காலியாக, இன்னும் லேசாகச் சுற்றிக்கொண்டிருந்தது. திரையில் தேடல் கட்டத்துக்குள் ‘பதினேழாம் பக்’ என்று பாதியில் நின்ற எழுத்துகள். அதன் அருகில் கோடு ஒன்று அடுத்த எழுத்துக்காக மின்னி மின்னிக் காத்திருந்தது. பக்கத்திலேயே பின்வாசல், அது திறந்துதான் இருந்தது, எப்போதும் திறந்திருக்கும். வெளியே தெருவில் வழக்கமான கூட்டம். கூட்டத்தில் யாரைத் தேடுவது, இருபது வயது முகத்தையா, நாற்பத்தொரு வயது முகத்தையா?

அதற்குப் பிறகு நான்கு நாள் அந்த வரி வரவில்லை. அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. பார்த்ததால் போய்விட்டாள் என்று மனசு அடித்துக்கொண்டது. இனி அவர் நிமிரவே போவதில்லை.

ஐந்தாம் நாள் காலை, ஆள் வருவதற்கு முன், அக்கா ஒரு விதியை மீறினார். கையில் இல்லாத புத்தகத்தைக் கணினியில் ஏற்றக் கூடாது என்று பயிற்சிக்காரர் மூன்று தடவை எழுதிக் கொடுத்திருந்தார். சீட்டுகள் எல்லாம் பழைய காகிதத்துக்குப் போன அன்று ஒரே ஒரு உறுப்பினர் சீட்டு மட்டும் அக்காவின் கைப்பைக்குள் போயிருந்தது. எண் 1146. அதை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு தடவை பஞ்சைத் தொட்டு, முதலில் தங்கையை உறுப்பினராக ஏற்றினார். பிறகு புத்தகத்தை ஏற்றினார். புத்தகம் யாரிடம் இருக்கிறது? 1146. திருப்ப வேண்டிய தேதி? இருபத்தொரு வருடத்துக்கு முந்தைய தேதியைப் போட்டார். ‘சரியான தேதியை உள்ளிடவும்’ என்றது திரை.

“உனக்கென்ன தெரியும்” என்றார் அக்கா. அன்றிலிருந்து பதினான்காம் நாளைப் போட்டார். ஏற்றுக்கொண்டது.

ஒவ்வொரு புத்தகத்தின் பக்கத்திலும், அதை எத்தனை தடவை வாசகர்கள் திறந்து பார்த்தார்கள் என்று கீழே ஓர் எண் இருக்கும். அன்று மாலை பூஜ்யம். மறுநாளும் பூஜ்யம். மூன்றாம் நாள் நான்கு பத்துக்குத் தலையைக் குனிந்துகொண்டிருந்தபோது, கடைசி மூலையில் சக்கரம் கிரீச்சிட்டது. பத்து விரலாலும் தட்டப் பழகிய ஒருவரின் வேகத்தில் மழைபோல் சத்தம். அக்காவின் கழுத்து நிமிரத் துடித்தது. மேசை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். நான்கு இருபதுக்குப் பார்த்தபோது எண் ஒன்று.

பதினான்காம் நாளும் வந்தது. நான்கு மணிக்குத் திருப்பும் பெட்டியைத் திறப்பது வழக்கம். வாசலில் பிளவு, உள்ளே பெட்டி. வாசகர்கள் போட்டுவிட்டுப் போவார்கள். சமையல் புத்தகம் இரண்டு, தேர்வு வழிகாட்டி ஒன்று. அடியில் பழுப்புக் காகித அட்டை போட்ட ஒரு நாவல். தடிமனைத் தொட்டதுமே கைக்குத் தெரிந்துவிட்டது.

தேதிச் சீட்டில் கடைசியாக இருபத்தொரு வருடத்துக்கு முந்தைய முத்திரை, சற்றே சாய்வாக, அக்காவே குத்தியது. புத்தகம் நனைந்ததே இல்லை. ஆனால் அது பதினேழாம் பக்கத்தில் தொடங்கவில்லை. முன்னால் எட்டுத் தாள்கள் வெள்ளை நூலால் தைத்துச் சேர்க்கப்பட்டிருந்தன. ஒன்று முதல் பதினாறு வரை மூலையில் எண். நீல மையில் நெருக்கமான கையெழுத்து. முதல் பக்கத்தின் முதல் வரி இப்படி இருந்தது:

‘விசைப்பலகையைத் தொடுவதற்கு முன் அக்கா விரலைப் பஞ்சில் ஒற்றிக்கொள்வாள்.’

பஞ்சை நோக்கிப் போன விரல் பாதியில் நின்றது. ஆற்றில் போனவளுக்கு இந்த விசைப்பலகை எப்படித் தெரியும்? அது வந்தே மூன்று மாதம்தான் ஆகிறது. அக்கா அடுத்த வரியைப் படிக்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்தார். நான்கு எட்டு.

கணினியில் 1146-ஐத் திறந்தார். ‘புத்தகம் திரும்பியதா? ஆம் / இல்லை’ என்றது திரை. கேள்வியை உரக்கப் படிக்கிற அக்கா இதை வாய்க்குள் கூடச் சொல்லவில்லை. ‘ஆம்’ என்றால் 1146 கொடுக்க வேண்டியது எதுவும் இல்லை. கொடுக்க வேண்டியது இல்லாதவள் இங்கே வருவதற்கும் காரணம் இல்லை. ‘இல்லை’யை அழுத்தினார். இழுப்பறையைத் திறந்து முத்திரைக் கட்டையை எடுத்தார். தேதிச் சக்கரத்தைப் பதினான்கு நாள் தள்ளி உருட்டி, பழைய தேதிக்குக் கீழே குத்தினார். தேதியை ஒருமுறை வாயாலும் சொன்னார், யாருக்கும் கேட்காத குரலில்.

நான்கு பத்து. தலையைக் குனிந்துகொண்டார்.

கடைசி மூலையில் சக்கரம் கிரீச்சிட்டது. காலடி அலமாரியைச் சுற்றி வந்து, மேசைக்கு அந்தப் பக்கம் நின்றது. அக்கா நிமிரவில்லை. புத்தகத்தை மேசை விளிம்பு வரை தள்ளிவிட்டார். தள்ளிய கையை மட்டும் இந்தத் தடவை திரும்ப எடுக்கவில்லை. புத்தகத்தின் மேலேயே விட்டு வைத்தார்.