கடைசி வரிசையில் டொம்னிகா

டொம்னிகா ஆற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கத்து ருமேனியக்காரி. துறைமுகத்தில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்த காமெனைக் கட்டிக்கொண்டு எங்கள் பல்கேரியக் கரைக்கு வந்தவள். வந்த புதிதில் மாமியார் சூப் சட்டியைக் காட்டி இன்னும் வேண்டுமா என்று கேட்க, இவள் தலையை மேலும் கீழும் ஆட்டினாள். எங்கள் ஊரில் அப்படி ஆட்டினால் வேண்டாம் என்று பொருள். சட்டி உள்ளே போய்விட்டது. மறுநாளும் அதே கதை. அதற்கடுத்த வேளை இவளே எழுந்து போய் அகப்பையை எடுத்துத் தட்டு நிறைய ஊற்றிக்கொண்டாள். மாமியார் முறைத்ததை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லையாம்.

சந்தைத் தெருவில் திரைச்சீலைக் கடை வைத்தாள். பேரம் பேசியே எங்கள் மொழியைக் கற்றுக்கொண்டாள். உச்சரிப்பு மட்டும் கடைசிவரை அக்கரையிலேயே நின்றுவிட்டது. வாய்க்குள் பிளம் கொட்டையை அடக்கிக்கொண்டு பேசுகிறாள் என்று வாடிக்கையாளர்கள் சீண்டுவார்கள். "கொட்டைய நான் வெச்சுக்கிறேன், துணிய நீங்க எடுத்துக்கங்க" என்பாள்.

நகர நூலகத்துக்கு அவள் போனதும் திரைச்சீலை விஷயமாகத்தான். மாடிக் கூடத்தின் சன்னல்களுக்கு அளவெடுக்கப் போன இடத்தில், நூலகத் தலைவி வெசெலா கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். மாலையில் அக்கரையிலிருந்து ஓர் எழுத்தாளர் பேச வருகிறார், மொழிபெயர்க்க வேண்டியவருக்கோ காய்ச்சல். அன்று அளவு நாடாவைக் கழுத்தில் போட்டபடியே டொம்னிகா மேடையேறினாள். அதற்குப் பிறகு அக்கரை எழுத்தாளர்கள் வரும் மாலைகளுக்கெல்லாம் அவள்தான். எழுத்தாளர் தயங்கினால் இவளும் தயங்குவாள். அவர் கெட்ட வார்த்தை சொன்னால், முன்வரிசையில் பாதிரியார் மனைவி இருக்கிறாளே என்று பாராமல் இவளும் சொல்வாள். புத்தகமே படிக்காதவர்கள்கூட அவளைக் கேட்க வந்தார்கள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது இலின்கா என்ற நாவலாசிரியை வந்தார். நகராட்சியின் கலாசாரத் துறையிலிருந்து கம்பூரோவ் வந்து, தானே உரையாடலை நடத்துவதாக உட்கார்ந்துகொண்டார். எங்கள் நகரம் பிடித்திருக்கிறதா என்று வழக்கமான கேள்வியைக் கேட்டார். இலின்கா கொஞ்சம் யோசித்தார். ஆற்றங்கரையில் இருந்த பழைய நீச்சல்குளக் கட்டடத்தை இடித்துவிட்டுக் கார் நிறுத்தும் இடமாக்கியிருக்கிறீர்கள், எங்கள் ஊரிலும் அதே மாதிரி ஆட்கள் அதே மாதிரி இடித்தார்கள், இரண்டு ஊர்க்காரர்களும் வாயில் சூரியகாந்தி விதையைப் போட்டுக்கொண்டு வேடிக்கை பார்த்தோம் என்றார்.

கம்பூரோவுக்கும் கொஞ்சம் ருமேனிய மொழி தெரியும். அவர் மேசைக்கடியில் கையை அசைத்தார், விட்டுவிடு என்பதுபோல. டொம்னிகா அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு கூடத்தைப் பார்த்து ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள், விதையைத் துப்புகிற சத்தம் உட்பட. கூடம் வெடித்தது. சிலர் கைதட்டினார்கள், சிலர் எழுந்து கத்தினார்கள்.

எல்லாரும் போன பின் கம்பூரோவ் அவளை மாடிப்படியில் பிடித்துக்கொண்டார்.

"சாராம்சத்தைச் சொன்னா போதும்மா. எல்லாத்தையும் அப்படியே கொட்டணுமா?"

"அவங்க பேசினதுல எது சாரம், எது சக்கைன்னு பிரிக்கிறது என் வேலை இல்லைங்க."

அடுத்த கூட்டத்துக்கு அவளை அழைக்கவில்லை. வெசெலா கடைக்கு வந்து, துணியைத் தடவிக்கொண்டே, மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள், என் வேலை போய்விடும் என்றாள். டொம்னிகா அவளைத் திட்டவில்லை. ஆனால் காபியும் கொடுக்கவில்லை.

கூட்டத்தன்று பக்கத்துக் கடை ஸ்தோயன்காவை இழுத்துக்கொண்டு போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். ஸ்தோயன்காவுக்கு ஒரு காது மந்தம். மேடையில் புது மொழிபெயர்ப்பாளர், பல்கலைக்கழகத்துப் பிள்ளை. மொழி நன்றாகத்தான் தெரியும். தெரிந்தே எல்லாவற்றையும் மழுப்பிவிட்டான். வந்திருந்த கிழ எழுத்தாளர் அதிகாரிகளைப் பற்றி ஒரு வேடிக்கைக் கதை சொன்னார். விருந்தினர் நம் உபசரிப்பைப் பாராட்டுகிறார் என்றான் பையன். அந்த அமைதியில் டொம்னிகா ஒருத்தி மட்டும் கடகடவென்று சிரித்தாள்.

கூடம் முழுதும் திரும்பிப் பார்த்தது. "என்னடி சொன்னாரு?" என்று ஸ்தோயன்கா கேட்டாள். டொம்னிகா சொன்னாள். அவள் காதுக்கு எட்ட வேண்டுமே, உரக்கத்தான் சொன்னாள். முன்வரிசைகள் சிரித்தன. அதன் பிறகு எழுத்தாளர் ஒவ்வொரு முறை நிறுத்தும்போதும் ஆட்கள் மேடையை விட்டுவிட்டுப் பின்னால் பார்த்தார்கள். சிலர் நாற்காலியையே திருப்பிப் போட்டுக்கொண்டார்கள். கிழவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் ஒலிவாங்கியைத் தள்ளி வைத்துவிட்டுக் கடைசி வரிசையைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார்.

கம்பூரோவ் நடைபாதை வழியாக வந்து குனிந்தார். முகம் சிவந்திருந்தது.

"மேடம், இது நூலகம். சத்தம் போடக் கூடாது. வெளிய போங்க."

"நான் என் சிநேகிதி காதுல பேசறேன். அவ காது மந்தம், அதுக்கு நான் என்ன செய்ய? எல்லாரும் கேக்கறது பிடிக்கலேன்னா அவங்க காதைப் பொத்துங்க, என் வாயப் பொத்தாதீங்க."

"வெளிய போங்கன்னு சொன்னேன்."

"தூக்கிட்டுப் போங்க. நான் கனம்தான், ரெண்டு ஆளாவது வேணும்."

யாரும் தூக்க வரவில்லை. ஸ்தோயன்கா கைப்பையிலிருந்து பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட பனிட்சா பொட்டலத்தைப் பிரித்துத் தனக்கொரு துண்டும் டொம்னிகாவுக்கொரு துண்டும் எடுத்தாள். வாசலோரம் நின்றிருந்த வெசெலா தலையைக் குனிந்துகொண்டாள். சிரிப்பை மறைக்கத்தான் என்று பிறகு சொன்னாள்.

மறுவாரம் கம்பூரோவ் வெசெலாவைக் கூப்பிட்டு, இனி அந்தத் திரைச்சீலைக்காரியை உள்ளே விடாதே என்றார். வெசெலாவுக்கு எங்கிருந்து துணிச்சல் வந்ததோ, எழுத்தில் கொடுங்கள், கதவில் ஒட்டிவிடுகிறேன் என்றாள். எழுத்தில் கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை. அதற்குப் பதிலாக அக்கரை எழுத்தாளர்களை அழைப்பதையே நிறுத்திவிட்டார். கூடத்தில் உள்ளூர்க் கவிஞர்கள் ஒருவரையொருவர் பாராட்டிக்கொண்டார்கள். டொம்னிகா ஒரு மாலை உட்கார்ந்து பார்த்துவிட்டுக் கொட்டாவியோடு வீடு திரும்பினாள். வருத்தம் இருந்தது. அவளால்தான் எல்லாருக்கும் கதவு அடைபட்டது என்று சிலர் கடை வாசலில் நின்று சொன்னபோது அது இன்னும் உறைத்தது.

குளிர் விட்டதும் ஒரு காரியம் செய்தாள். அக்கரை நூலகத்திலும் இதே மாதிரி மாலைகள் நடக்கின்றன. இலின்கா அங்கே பேசப்போகிறார் என்று கேள்விப்பட்டு, ஸ்தோயன்காவையும் வர விரும்பியவர்களையும் பேருந்தில் ஏற்றிப் பாலத்தைக் கடந்தாள். கவிஞர்களிடமிருந்து தப்பித்து வெசெலாவும் வந்தாள். அங்கே பின்வரிசைகளை நிரப்பிக்கொண்டு உட்கார்ந்தார்கள். டொம்னிகா இலின்காவின் பேச்சை எங்கள் மொழியில் சொல்லச் சொல்ல, முன்னால் ஒரு பெரியவர் திரும்பி உஷ் என்றார். விருந்தாளியா வந்திருக்கோம், கொஞ்சம் பொறுத்துக்குங்க என்று அவருடைய மொழியிலேயே சொல்லிவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். இலின்கா அவளை அடையாளம் கண்டு நிறுத்தி நிறுத்திப் பேசினார்.

திரும்பும்போது பேருந்தில் ஒரே சண்டை. இலின்காவின் நாவலில் வரும் அண்ணன்காரன் செய்தது சரியா தப்பா என்று வெசெலா ஒரு கட்சி, ஸ்தோயன்கா எதிர்க்கட்சி.

யார் அனுமதியில் ஊர்க்காரர்களைக் கூட்டிப் போனாள் என்று கம்பூரோவ் ஆள் அனுப்பிக் கேட்டார். வந்தவனைக் காத்திருக்கச் சொல்லி, துணியை வெட்டி முடித்துவிட்டுத்தான் டொம்னிகா பதில் சொன்னாள். "பஸ்ஸுல ஏறினோம், எறங்கினோம். அதுக்கு அனுமதி குடுக்கிறவரு யாருன்னு கேட்டுட்டு வா." அவன் திரும்பி வரவில்லை. இலையுதிர் காலத்தில் அக்கரைக்குப் போகப் பேருந்தில் இடம் போதாமல் இரண்டாவதையும் பிடிக்க வேண்டியதாயிற்று.