பிக்மி வசூலில் காதில் விழுந்தவை

அடுத்தவர் சேமிப்பைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாக நடப்பதுதான் என் தொழில். பெங்களூரில் இதற்குப் பிக்மி என்று பெயர். கடைக்காரர், கூலிக்காரர் எல்லாரிடமும் தினமும் ஐம்பதோ நூறோ வாங்கி, மெஷினில் ரசீது அடித்துக் கொடுத்து, சாயங்காலம் கூட்டுறவு சொசைட்டியில் கட்ட வேண்டும். அதில் எனக்குக் கமிஷன். மாதக் கடைசியில் மளிகைக் கடைக்காரர் கண்ணில் படாமல் அடுத்த தெரு வழியாக வீட்டுக்குப் போகிறவரா நீங்கள்? அப்படியானால் நாம் ஒரே கட்சி, மேலே படியுங்கள்.

இஸ்திரி வண்டி

தொம்மலூரில் இஸ்திரி போடும் ஏழுமலை அண்ணன், மகளை நர்சிங் சேர்க்கத்தான் கணக்கு ஆரம்பித்தார். ஒரு நாள்கூட விடாமல் கட்டி முடித்தார். பணம் கைக்கு வந்த வாரமே வீட்டு ஓனர் அட்வான்ஸைக் கூட்டிக் கொடு, இல்லாவிட்டால் காலி செய் என்றார். கொடுத்தார். மறுபடி கணக்குப் போட்டார். அது முடிகிற சமயத்தில், எதிரே இருக்கும் அபார்ட்மென்ட்காரர்கள் வாசலில் வண்டி நிற்பது அசிங்கமாக இருக்கிறது என்று கிளப்பிவிட்டார்கள். ஒரு சின்னக் கடை பிடிப்பதற்கு அந்தப் பணமும் போயிற்று.

மகள் இப்போது துணிக்கடையில் பில் போடுகிறாள். மூன்றாவது கணக்கு தொடங்க வந்தபோது, "எதுக்காக சேமிப்புன்னு எழுதணும்ணா" என்றேன். பெட்டியில் கரியைக் கிளறிக்கொண்டே சொன்னார்: "அடுத்து யாருக்குப் போவப்போவுதோ, அவங்க பேரையே எழுதிக்கம்மா."

டீ

சொசைட்டிக்குப் புதிதாக வந்த மேனேஜர், ஆடுகோடியில் ஒரு கார்மென்ட்ஸ் கம்பெனி வாசலில் சாப்பாட்டு நேரத்தில் பெண்களைக் கூட்டி வைத்துச் சேமிப்பைப் பற்றிப் பேசினார். வெளியே குடிக்கிற டீயை விட்டாலே போதும், வருடக் கடைசியில் எவ்வளவு சேரும் பாருங்கள் என்று ஃபோனில் கணக்குப் போட்டுக் காட்டினார். டெய்லர் ஷகீலா எழுந்தாள். "விட்டுடறேன் சார். மத்தியானத்துக்கு அப்ப இன்னா சாப்புடறது?"

கட்டுப் போட்ட கால்

பிரகாஷ் வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிறவன். சொந்த பைக் வாங்கப் பணம் போட்டு வந்தான். வாடகை பைக்கிலிருந்து மழையில் விழுந்து கால் முறிந்தது. ஆஸ்பத்திரிச் செலவுக்குக் கணக்கை மூட வேண்டும். அண்ணன் தோளைப் பிடித்து நொண்டிக்கொண்டே சொசைட்டிக்கு மூன்று மாடி ஏறி வந்தான். லிஃப்ட் மெம்பர்களுக்கு இல்லை.

வருடம் முடியும் முன் மூடினால் பிடித்தம் உண்டு. கவுன்டரில் இருந்த பெண் அதைக் கழித்துவிட்டு மீதியை நீட்டினாள். அவன் அதை வாங்கிக்கொண்டான். என் பக்கம் திரும்பினான்: "அக்கா, வருஷம் முடிஞ்சப்புறம் விழுந்திருக்கணுமா?"

மெசேஜ்

செல்விக்கு ஒரு ஆபீஸில் பெருக்கித் துடைக்கிற வேலை. சம்பளம் புருஷன் கைக்குப் போய்விடும். ஞாயிற்றுக்கிழமை இன்னொரு வீட்டில் பாத்திரம் தேய்த்து வரும் காசு மட்டும் அவனுக்குத் தெரியாது. அதைத்தான் ஆபீஸ் பின்கேட்டில் என்னிடம் கொடுப்பாள். பையனைக் கூட்டிக்கொண்டு தனியாகப் போய்விட வேண்டும் என்பது அவள் எண்ணம். அடி அப்படி. ஒரு ரூமைக்கூட நான் பார்த்துப் பேசி வைத்திருந்தேன்.

அந்தச் சமயத்தில், எல்லாக் கணக்குக்கும் ஃபோன் நம்பர் கட்டாயம் என்று சொசைட்டி சொல்லிவிட்டது. அவள் வீட்டில் இருந்தது ஒரே ஃபோன், அதுவும் அவன் சட்டைப்பையில். இந்த ஒரு கணக்கை மட்டும் விட்டுவிடுங்கள் என்று மேனேஜரிடம் கெஞ்சினேன். "ரூல்ஸ் ரூல்ஸ்தாம்மா" என்றார். அவள் கொடுத்திருந்த ஆதார் கார்டில் இருந்த நம்பரை அவர்களே எடுத்து ஏற்றிவிட்டார்கள். அன்று சாயங்காலமே, சேர்ந்த பணம் இவ்வளவு என்று மெசேஜ் போய்விட்டது.

மறுநாள் புருஷன் அவளை முழங்கையைப் பிடித்துச் சொசைட்டிக்குக் கூட்டி வந்தான். ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. மேனேஜர் அவனை உட்காரச் சொன்னார். அவள் நின்றபடியே கையெழுத்துப் போட்டாள். அவன் நோட்டை எண்ணிக்கொண்டிருந்தபோது, என்னைத் தாண்டிப் போகிறவள் மாதிரி நெருங்கி வந்து மெதுவாகச் சொன்னாள்: "அந்த ரூமை வேற யாருக்காச்சும் குடுத்துடச் சொல்லுக்கா."

ஊரெல்லாம் சேமிக்க வைக்கிற உனக்குச் சொசைட்டியில் கணக்கு உண்டா என்று கேட்பீர்கள், இல்லாமல் என்ன, கடன் கணக்கு ஒன்று ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கிறது.