எத்தனை விரல் வேணும்?

“அறுபத்தேழு.”

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் நான்கு மணிக்கு ஹெட்செட்டை மாட்டியதும், பூட்டு என்று நாங்கள் கூப்பிடும் நண்பர் சொல்லும் முதல் வார்த்தை இப்படி ஏதாவது ஓர் எண்ணாகத்தான் இருக்கும். வணக்கம், சௌக்கியமா எதுவும் கிடையாது. அவர் வீட்டில் எந்த வீடியோ விளையாட்டு எத்தனை சதவீதம் இறங்கியிருக்கிறது என்பதுதான் நலம் விசாரிப்பு. “நேத்து இதே நேரம் அறுபத்தாறு. ஒரு நாள் பூரா முக்கி முனகி ஒண்ணு ஏறியிருக்கு. எறும்பு முதுகுல ஏத்திவிட்டிருந்தாக்கூட இந்நேரம் வந்து சேந்திருக்கும்.”

“எனக்கு அரை மணி நேரத்துல இறங்கிடுச்சே” என்பார் பல் மருத்துவர். வேறு ஊர்க்காரர். வாரம் முழுக்கப் பிறர் வாய்க்குள் எட்டிப் பார்க்கிற அந்த மனிதர் ஓய்வு கிடைத்தால் திரையில் முட்டைக்கோஸ் பயிரிடுவார். எங்களோடு சேர்ந்து துப்பாக்கி ஆட்டம் ஆட அவரை இழுத்துத்தான் வர வேண்டும்.

“உங்களுக்கென்ன, மகராசன். உங்க ஊருக்கு ஆறு ஓடுது. எங்களுக்குச் சொட்டு மருந்து.”

இந்த அரட்டையில் நாங்கள் நான்கு பேர். ஆட்டத்தில் மூன்று பேர். பூட்டும் அவர் மனைவியும் சேர்ந்துதான் ஓர் ஆள்.

பூட்டுக்கு ஐம்பத்திரண்டு வயது. பழைய வணிக வளாகம் ஒன்றின் கீழ்த்தளத்தில், லிஃப்டுக்கும் கழிப்பறைக்கும் நடுவே, பக்கவாட்டில் நுழைந்தால்தான் உள்ளே போக முடிகிற கடை அவருடையது. சாவி வெட்டுவார், திறக்காத பூட்டைத் திறப்பார். ஆள் முகம் மனதில் நிற்காது. சாவியைக் கையில் வாங்கியதும் நினைவு வந்துவிடும். “மூணாம் பல்லு தேஞ்ச வீடுதானே? கதவைத் தூக்கித் தூக்கித் திறப்பீங்களே?” என்று நான் இரண்டாம் முறை போனபோது கேட்டார். நான் அச்சகத்தில் பிழை திருத்துகிறவன். ஒரு புள்ளி விட்டுப்போனாலும் கண்ணில் பட்டுவிடும் என்ற கர்வம் எனக்கு உண்டு. அவர் முன்னால் அது செல்லுபடியாகாது.

கோபம் வந்தால் அவருக்குக் குரல் உயராது, மரியாதை உயரும். “ஐயா, நீங்க சொன்னபடியே அணைச்சு அணைச்சுப் போட்டேங்கய்யா. இப்பவும் உங்க இணைப்பு படுத்தேதான் கிடக்குதுங்கய்யா” என்று இணைய இணைப்பு கொடுக்கும் நிறுவனத்துக்காரரிடம் பேசுவதைக் கேட்டால் யாரோ நன்றி சொல்கிறார்கள் என்றுதான் தோன்றும். அவர் மனைவிக்கு மட்டும் அது தெரியும். “மூணு ஐயா போட்டாச்சு, போனை வைய்யா” என்று பின்னாலிருந்து குரல் வரும்.

மூன்று வருடத்துக்கு முன்புவரை பூட்டு இந்த விளையாட்டுப் பெட்டியைத் தொட்டதுகூடக் கிடையாது. விளையாடியவர் அந்த அம்மாதான். உறைபதனக் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார். மூச்சு வெள்ளையாக வெளியே வருகிற குளிரில், நாலு ஆள் உயரத்துக்குப் பெட்டிகளை ஏற்றி இறக்குகிற வேலை. அதனால் அரட்டையில் அவர் பெயர் தூக்கி. வேலை முடிந்து வந்து கன்ட்ரோலரை எடுத்தாரென்றால் எங்களையெல்லாம் துவைத்துக் காயப்போட்டுவிடுவார்.

ஒரு நாள் கிடங்கில், லீவரைப் பிடித்திருந்த இடது கையின் சுண்டுவிரல் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. குளிர் என்று நினைத்தார். பிறகு அதற்கடுத்த விரல். “நரம்புங்க ஒவ்வொண்ணா வேலையை விட்டுட்டுப் போற வியாதியாம். கடை சாத்தறப்ப ஒவ்வொரு விளக்கா அணைச்சுக்கிட்டே வருவோமில்ல, அந்த மாதிரி” என்று பூட்டு எங்களுக்கு விளக்கினார்.  பல் மருத்துவருக்கு அது எங்கே போய் நிற்கும் என்று தெரிந்திருந்தது.

அதன் பிறகுதான் அந்தக் கேள்வி தொடங்கியது. புது விளையாட்டு எதைப் பற்றிப் பேச்செடுத்தாலும் மருத்துவர் காட்சிகள் எப்படி என்று கேட்பார், நான் கதை எப்படி என்பேன், பூட்டு மட்டும் “இதுக்கு எத்தனை விரல் வேணும்?” என்பார். முதல் தடவை எங்களுக்குக் காரணம் உறைக்காமல் சிரித்துவிட்டோம். “விளையாடப் போறீங்களா, ஆர்மோனியம் வாசிக்கப் போறீங்களா?” என்றார் மருத்துவர்.

“இப்ப ஏழு இருக்கு டாக்டர்” என்று தூக்கியின் குரல் வந்தது. “அதுக்குத் தகுந்த மாதிரி பாத்துச் சொல்லுங்க.”

அன்றைக்கு அதற்குமேல் யாருக்கும் ஆட்டம் ஓடவில்லை.

ஏழு ஐந்தானபோது பூட்டு கடைக் கருவிகளை வீட்டுக்குக் கொண்டுவந்து கன்ட்ரோலரைப் பிரித்தார். உள்ளே இருந்த முரட்டு ஸ்பிரிங் சுருள்களை எடுத்துவிட்டு, பெட்டிப் பூட்டுகளின் மெல்லிய சுருள்களைப் பொருத்தினார். ஈ உட்கார்ந்தாலும் அமுங்கும் என்றார். அதுவும் போதாமல் போனபோது இரண்டாவது கன்ட்ரோலர் வந்தது. இரண்டையும் ஒரே ஆளாக எடுத்துக்கொள்ளும் வசதி அந்தப் பெட்டியில் இருந்தது. நடப்பது, ஓடுவது, தாண்டுவது அவர். குறிபார்ப்பது, சுடுவது தூக்கி. “கால் நான், கை அவ” என்று அறிவித்தார்.

முதல் மாதம் இருவரும் சேர்ந்து விழாத பள்ளம் கிடையாது.

“யோவ், அது கதவு இல்லய்யா, செவுரு!”

“கதவு மாதிரிதாம்மா இருக்கு.”

“ஊருக்கெல்லாம் கதவு தொறந்துவிடற. இது தெரியல உனக்கு?”

நானும் மருத்துவரும் செத்துக் கிடப்போம். எங்களை மீட்க வர வேண்டியவர்கள் சுவரில் முட்டிக்கொண்டு சண்டை போட்டுக்கொண்டிருப்பார்கள். ஆறு மாதம் போனது. தூக்கி எந்தப் பக்கம் சுட நினைக்கிறாரோ அந்தப் பக்கம் ஆள் முன்கூட்டியே திரும்பி நின்றது. இருவரும் பேசிக்கொள்வதே நின்றுபோயிற்று. அப்படி ஓர் ஆட்டக்காரரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

பனிக்கடலில் உறைந்து நிற்கும் கப்பல்களிலிருந்து ஆட்களை மீட்கிற விளையாட்டு ஒன்று உண்டு. அதன் மூன்றாவது, கடைசிப் பாகத்துக்காகத் தூக்கி நாலு வருடம் காத்திருந்தார். “அந்தக் குளிரு என்னன்னு எனக்குத்தான் தெரியும்” என்பார். அது வெளியான வெள்ளிக்கிழமை அவரிடம் மிச்சமிருந்தவை வலது கைக் கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும். குரலும் மெலிந்திருந்தது. விளையாட்டு நூற்று நாற்பது ஜிபி.

அவர்கள் குடியிருப்பின் முப்பத்தாறு வீடுகளுக்கும் சேர்த்து இணையத்துக்கு ஒரே பழைய கம்பி. போதாக்குறைக்கு, வேறு எதையாவது விளையாடினால் இறங்குவது நின்றுவிடும். ஆட்டம் முடிந்த பிறகு தானாகவும் தொடராது. சில நாள் வந்த வழியே பத்து சதவீதம் திரும்பிப் போயிருக்கும். ஆனால் தினமும் நான்கு மணிக்கு அந்த இரண்டு விரல்களும் இருபது நிமிடம் ஒத்துழைத்தன. பழைய விளையாட்டு எதையாவது ஆட, அந்த இருபது நிமிடத்தை அவர்கள் விட்டதில்லை.

“பெட்டியைக் கழட்டி என்கிட்ட அனுப்புங்க. ஒரு மணி நேரத்துல இறக்கித் தரேன்” என்றார் மருத்துவர். அவர் ஊருக்குப் போக ஐந்து மணி நேரம், வர ஐந்து மணி நேரம். நான் கொண்டுபோகிறேன் என்றேன். பூட்டு மனைவியிடம் கேட்டதை நாங்கள் எல்லோரும் ஹெட்செட்டில் கேட்டோம்.

“ஒரு நாள்தாம்மா. நாளைக்குப் போனா மறுநாள் வந்துடும்.”

“இன்னைக்கு விரல் இருக்குய்யா. இருக்கறத விளையாடுவோம்.”

“ஒரே ஒரு நாள்.”

“உனக்கு அது ஒரு நாளு” என்றார் தூக்கி.

அதற்குமேல் பூட்டு வற்புறுத்தவில்லை. நாங்களும்தான்.

ஒன்பதாம் நாள், தொண்ணூற்றொன்றில், கோப்பு பழுதடைந்துள்ளது, மீண்டும் தொடக்கத்திலிருந்து பதிவிறக்கவும் என்று வந்தது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை ஹெட்செட்டை மாட்டியதும் பூட்டு சொன்ன எண், “சைபர்.” பிறகு என்னிடம், “பெட்டியைக் கழட்டறேன். புதன்கிழமை வந்து எடுத்துட்டுப் போயிடுங்க. அவ சரின்னுட்டா” என்றார்.

செவ்வாய்க்கிழமை தூக்கிக்குக் காய்ச்சல். நெஞ்சில் சளி கட்டி மூச்சு முட்டியது. மருத்துவமனையில் இருபத்துமூன்று நாள். தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைத்தார்கள். குரல் போயிற்று. அந்தப் படுக்கையிலேயே இரண்டு விரல்களும் போயின.

பூட்டு கடைக்கும் மருத்துவமனைக்குமாக அலைந்தார். அந்த வாரம் ஒரு பெண்மணி ஒரே சாவியை மூன்று முறை திருப்பிக்கொண்டு வந்தார், கதவு திறக்கவில்லை என்று. நாலாவதை அவர் வெட்டிக் கொடுத்தபோது நான் கடையில் இருந்தேன். அவர் கண் வேறெங்கோ இருந்தது.

வீட்டில் ஆளில்லை. யாரும் எதையும் விளையாடவில்லை. கழட்டாமலே விட்டுப்போன அந்தப் பெட்டி, தடுப்பார் இல்லாமல், மறுபடி முதலிலிருந்து தன் பாட்டுக்கு இறக்கிக்கொண்டே இருந்தது. ஒரு நாள் காலை, தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே நாங்கள் இருவரும் உட்கார்ந்திருந்தபோது அவருடைய கைபேசி மணியடித்தது. எடுத்துப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். பதிவிறக்கம் முடிந்தது, விளையாடத் தயார் என்று இருந்தது.

“தயாராங்கய்யா” என்றார். “எவ்வளவு மரியாதையா சொல்றாங்க பாருங்கய்யா.”

பிறகு கைபேசியைச் சட்டைப் பைக்குள் போட்டார். “அவ வேணாம்னா விட்டுடறதா? மொத நாளே தூக்கிட்டுப் போயிருக்கணும் நான்.”   போயிருந்தால் ஒரு வாரமாவது விளையாடியிருப்பார்கள்.

இரண்டு வாரத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போனேன். கூடத்தில் கட்டில். பக்கத்தில் மூச்சுக் கருவி ஒரே தாளத்தில் இரைந்துகொண்டிருந்தது. தூக்கியின் அக்கா என்னை உட்காரச் சொல்லிவிட்டு அடுக்களைக்குப் போனார். மணி நான்கு. பூட்டு கட்டிலருகே முக்காலியில் உட்கார்ந்து பனிக்கடல் விளையாட்டைத் திறந்தார். இப்போது காலும் அவர்தான், கையும் அவர்தான். தூக்கிக்குக் கண்கள் மட்டும் அசைகின்றன.

“சரின்னா மேல பாப்பா. தப்புன்னா மூடிக்குவா” என்றார் என்னிடம். “நான் சுடற அழகுக்குப் பெரும்பாலும் மூடிக்கிட்டுதான் இருக்கா.”

தூக்கி கண்ணை மூடித் திறந்தார். பூட்டு சிரித்தார். நான் சிரித்தேனா என்று நினைவில்லை.

ஓரிடத்தில் பனிப்பாறை பிளந்து வழி இரண்டாகப் போனது. “எந்தப் பக்கம்மா?” தூக்கியின் கண்கள் இடப்பக்கம் போயின. பூட்டும் போனார். பனி உடைந்து ஆள் நீருக்குள் விழுந்தான். மறுபடி கேட்டார். மறுபடி இடப்பக்கம். மறுபடி விழுந்தான்.

“வலப்பக்கம் போங்க. நான் அந்த இடத்தைத் தாண்டிட்டேன்” என்றார் மருத்துவர், ஒலிபெருக்கியில்.

“இடதுன்றாங்க டாக்டர்.”

“இடதுல வழியே இல்லங்க.”

“அவங்க இடதுன்றாங்க.”

மூன்றாம் முறையும் விழுந்தான். பூட்டு கன்ட்ரோலரைத் தரையில் வைத்தார். கட்டிலின் பக்கக் கம்பியை இறக்கினார். குழாயை ஒரு கையால் தாங்கிக்கொண்டு, குனிந்து, மனைவியின் தலையணையில் மிச்சமிருந்த இடத்தில் தன் தலையை வைத்தார். காதோடு காது உரச, அங்கிருந்து திரையைப் பார்த்தார். படுத்திருப்பவரின் கோணத்தில் ஜன்னல் வெளிச்சம் திரையின் வலது பாதியில் விழுந்து, அங்கே ஒரு வழி இருப்பதே தெரியாமல் வெள்ளையாக இருந்திருக்க வேண்டும். மருத்துவர் இரண்டு முறை கூப்பிட்டார். பூட்டு எழுந்திருக்கவில்லை. வெகுநேரம் கழித்து எழுந்து போய்த் திரைச்சீலையை இழுத்துவிட்டார். தொலைக்காட்சி மேசையை ஒரு சாண் தள்ளினார். திரும்பி வந்து, அதே இடத்தில் தலையை வைத்துப் பார்த்தார்.