தரை டிக்கெட் வாசல்

குடவாசல், மாலை நான்கு மணி. வெகுகாலம் மூடிக் கிடந்த எங்கள் ஊர் சினிமாக் கொட்டகை இன்று கலை அரங்கமாகத் திறக்கிறது. வெளிநாட்டு வேலைக்குப் போன ஊர்க்காரர்கள் சேர்ந்து புதுப்பித்தோம். விழாவுக்காகச் சிங்கப்பூரிலிருந்து வந்திருக்கிறேன். உள்ளே தவில் தொடங்கிவிட்டது. பாதி நாற்காலிகள் காலி.

வெளியே வருகிறேன். பக்கச் சுவரை ஒட்டி, நடவு முடித்த பெண்கள் ஏழெட்டுப் பேர் கால் சேறு காயாமல் நிற்கிறார்கள். முன்னால் நிற்பவருக்கு அறுபது வயது இருக்கும்.

"இங்க இருந்த வழிய எப்பத் தம்பி தொறப்பாங்க?"

அங்கேதான் தரை டிக்கெட் வாசல் இருந்தது. ஏசி குளிர் வெளியே போய்விடும் என்று அதைச் சுவர் எழுப்பி அடைக்கச் சொன்னவன் நான்.

"இதுல வழி இல்லம்மா. முன்வாசல்ல வாங்க, டிக்கெட்டே கெடையாது."

"அது சேர் டிக்கெட்டுக்காரங்க போற வழி. நாங்க என்னைக்கும் இப்படித்தான் போவோம்."

"இப்ப எல்லாருக்கும் ஒரே வழிதாம்மா."

"இந்தச் சேத்துக் காலோடயா?" என்று சிரிக்கிறார்.

உள்ளே டைல்ஸ் போடுவதற்காகத் தரை டிக்கெட் பகுதியிலிருந்து அள்ளி வெளியே கொட்டிய பழைய மணல் சுவரோரம் இன்னும் கிடக்கிறது. அந்நாளில் படம் பார்க்கும்போது முன்னால் இருப்பவர் தலை மறைக்காமலிருக்கச் செய்தது போலவே, அந்த அம்மா மணலைக் கையால் குவித்து மேடாக்கி உட்கார்கிறார். மற்றவர்களும் குவிக்கிறார்கள்.

இன்று மறைக்க யார் தலையும் இல்லை. சுவர்தான் இருக்கிறது.